ஓடி வருகிறவர்களை நிற்க வைப்பது: ஊர் அளவில் தேடல், மீட்புப் பயிற்சி நடத்தும் முறை

சுவர் இடிந்தாலும் குளத்தில் பிள்ளை விழுந்தாலும் கிணற்றுக்குள் ஆள் மயங்கினாலும் முதலில் வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்து தெருக்காரர்கள். 108 ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அதற்குப் பிறகுதான். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் அவர்களை முன்கூட்டியே கடலோரத்துக்கு அனுப்பி வைக்க முடியும். சுவர் இடிவதற்கு எச்சரிக்கை கிடையாது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் விடியற்காலையில் வீடுகள்மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து வேதாரண்யம் வர, சாலை சரியாக இருந்தாலே ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஊர்தான் மீட்புப் படை.

நான் டெல்டா மாவட்டங்களில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் வேலை பார்த்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். இப்போது ஊராட்சிகள் கூப்பிட்டால் போய், முதல்நிலை மீட்பாளர்களாகப் பெயர் கொடுத்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இரண்டு நாளில் என்ன செய்யலாம், எதை முதலில் சொல்லித்தர வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் நீங்களே நடத்தலாம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தைரியம் சொல்லித்தரத் தேவையில்லை. கூப்பிடாமலே நூறு பேர் ஓடி வருவார்கள். ஓடி வந்த நூறு பேரும் இடிபாட்டின்மேல் ஏறி நின்றால், அடியில் கிடப்பவருக்கு மிச்சமிருக்கும் இடமும் போய்விடும். அதனால் என் பயிற்சியில் பாதி நேரம் நிற்கவும் கேட்கவும் ஒருவரையொருவர் தடுக்கவும் பழக்குவதிலேயே போகும். தூக்குவதும் இழுப்பதும் அதற்குப் பின்னால்தான்.

ஆட்களும் சாமானும்

இருபது பேர் போதும். இளைஞர் மன்றத்துப் பையன்களை மட்டும் சேர்த்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரு கொத்தனார் கட்டாயம் வேண்டும். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எதை எடுத்தால் எது சரியும் என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். மரம் வெட்டுகிறவர் ஒருவர், மீனவர் அல்லது ஆற்றில் பழகியவர் ஒருவர், ஜேசிபி ஓட்டுகிறவர், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், கிராம உதவியாளர், மின்வாரிய வயர்மேன். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வந்தால் மிகவும் நல்லது. எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் யார் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள்.

சரிபாதி பெண்களாக இருக்கட்டும். பகல் பதினொரு மணிக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், காரணம் புரியும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் இரண்டு பேரை, அங்கே துவைக்க வந்த மூன்று பெண்கள் சேலையை வீசி இழுத்துக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது அவர்களுக்குத்தான் கிடைத்தது. கையில் இருந்ததை வைத்து எட்டியவர்களைக் காப்பாற்றினார்கள். நாம் பழக்கப்போவதும் அதைத்தான்.

முதலில் தாசில்தாருக்கும் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி எடுத்தவர்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் அவர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

சாமானுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆளுக்கொரு விசில், கையுறை, கட்டட வேலைக்குப் போடும் ஹெல்மெட். பைக் ஹெல்மெட் காதை மூடிவிடும், ஆகாது. 30 மீட்டர் கயிறு இரண்டு, 15 மீட்டர் கயிறு நான்கு. பதினைந்து மீட்டர் கயிறு தண்ணீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறாக இருக்க வேண்டும், நைலான் மூழ்கும். நாலுக்கு நாலு அங்குலத்தில் ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்த மரக்கட்டைகள் இரண்டு டஜன், லாரி ஜாக்கி இரண்டு, கடப்பாரை, இரும்பு அறுக்கும் ரம்பம், பிளாஸ்டிக் அன்னக்கூடை, டார்ச், சுண்ணாம்புக்கட்டி, ஒரு நோட்டு. லாரி டியூப் இரண்டைக் காற்றடித்தே வைத்திருங்கள்.

முதல் பத்து நிமிடம்

இது முதல் நாள் காலைப் பாடம். உடற்பயிற்சி, அணிவகுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதில் தொடங்குங்கள்.

ஒருவரைத் தலைவராக வையுங்கள். அவர் கையுறை போடக்கூடாது. கையுறை போட்டால் கை வேலைக்குப் போய்விடும். அவர் நாலடி தள்ளி நின்று முழு இடத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாமவர் போன் செய்கிறவர்: தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இடத்தைச் சொல்லும்போது வெளியூர் டிரைவருக்குப் புரிகிற அடையாளத்தைச் சொல்லப் பழக்குங்கள். “மாரியம்மன் கோயில் தெரு” என்றால் வட்டத்தில் ஐம்பது இருக்கும். எந்த மெயின் ரோடு, எந்த நிறுத்தம், அங்கிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு, அந்தத் திருப்பத்தில் ஓர் ஆளையும் நிறுத்த வேண்டும்.

மூன்றாமவர் மின்சாரம். வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினால் போதும் என்று நினைப்பார்கள். அறுந்த சர்வீஸ் கம்பி ஈரச் சுவரில் கிடந்தால் அது உதவாது. வயர்மேனைக் கொண்டு டிரான்ஸ்ஃபார்மரிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இதை ஒவ்வொரு பயிற்சியிலும் தனியாகக் கேட்டு, எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். கூடவே கேஸ் சிலிண்டர் எங்கே இருந்தது என்ற விசாரணை.

நான்காவது ஆளுக்கு வேலை கேள்வி கேட்பது மட்டும். வீட்டில் எத்தனை பேர்? கடைசியாக யார் பார்த்தது, எங்கே? ராத்திரி என்றால் யார் எந்த மூலையில் படுப்பார்? இதே கேள்விகளை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதற்றத்தில் இருக்கும் தாய், ஊருக்குப் போன பிள்ளையையும் உள்ளே இருப்பதாகச் சொல்லக்கூடும்; விருந்தாளியாக வந்து தங்கியவரை எல்லோரும் மறந்துவிடக்கூடும். நோட்டில் வீட்டின் படத்தைக் கட்டம் போட்டு வரைந்து, கட்டில், அடுப்படி, பீரோ எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை இதை அருமையாகச் செய்யும்.

மற்ற பதினாறு பேரும் கூட்டத்தைப் பின்னால் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். குடும்பத்தோடு உட்கார ஒரு பெரியவரை நியமித்துவிடுங்கள். அவர் வேறெந்த வேலைக்கும் எழுந்திருக்கக்கூடாது.

கேட்கும் பயிற்சி

என் கணக்கில் இரண்டு நாளிலும் இதுதான் முக்கியமான மணி நேரம்.

இடிக்கப்பட்ட பழைய கட்டடம் எதுவும் ஊரில் இருந்தால் அந்தச் செங்கல் குவியல் போதும். உயிருள்ள ஆளை எக்காரணம் கொண்டும் குவியலுக்குள் புதைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் திறந்த சிமென்ட் குழாய் ஒன்றைப் போட்டு, வாயைச் சாக்கும் பலகையும் வைத்து மறைத்து, உள்ளே ஒருவரை உட்கார வைத்து, மறுபக்க வாயில் துணைக்கு ஓர் ஆளை நிறுத்துங்கள். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் குழாய் கொதிக்கும். உள்ளே இருப்பவர் கையில் ஒரு கூழாங்கல். கத்தக்கூடாது, கேட்டால் மெதுவாகத் தட்ட வேண்டும். நிஜத்தில் வாயெல்லாம் மண்ணாக இருக்கும், குரல் வராது.

விசில் மொழியை முதலில் மனப்பாடம் செய்ய வையுங்கள். மீட்புக் குழுக்கள் உலகெங்கும் பயன்படுத்துவது இதுதான்: மூன்று விநாடிக்கு ஒரே நீள விசில் என்றால் எல்லா வேலையும் நிற்க வேண்டும், அமைதி. ஒரு நீளம் ஒரு குட்டை என்றால் வேலையைத் தொடரலாம். மூன்று குட்டை விசில் திரும்பத் திரும்ப வந்தால், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வர வேண்டும். கடைசி விசிலுக்குக் காரணம் கேட்பவர் குழுவில் இருக்கக்கூடாது.

இப்போது நான்கு பேரைக் குவியலின் நான்கு பக்கமும் நிறுத்துங்கள். நீள விசில். ஜெனரேட்டர், பைக், ஜேசிபி எல்லாம் நிற்கட்டும், போன்கள் அணையட்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும்: “உள்ள யாராச்சும் இருக்கீங்களா? கேட்டா மூணு தடவ தட்டுங்க!” பிறகு ஒரு முழு நிமிடம் யாரும் அசையக்கூடாது. சத்தம் கேட்டவர் பேசாமல் கையை நீட்டித் திசையைக் காட்ட வேண்டும். அடுத்தவர் குரல் கொடுப்பார், மறுபடி ஒரு நிமிடம். நான்கு கைகளும் காட்டும் கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் தோண்டத் தொடங்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். முதல் தடவை ஒருவராலும் முடியாது. பதினைந்தாவது விநாடியில் ஒருவர் இருமுவார், ஒருவர் “ஒண்ணும் கேக்கலியே” என்பார். கையில் கடிகாரத்தோடு நின்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

கீழ்வேளூர்ப் பக்கம் ஓர் ஊரில் நான்கு சுற்று முடிந்தும் யாருக்கும் கேட்கவில்லை. மகளிர் குழுவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, குவியலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஜன்னல் கம்பியில் போய்க் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கையை மட்டும் உயர்த்தினார். நான் அருகில் போனதும், “சார், இந்தக் கம்பியில கேக்குது. அந்தக் கம்பியில கேக்கல” என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மண்ணும் தூசியும் சத்தத்தை விழுங்கிவிடும்; இரும்பும் தண்ணீர்க் குழாயும் அதை ஏந்தி வரும். ஒரு கம்பியில் கேட்டு மற்றதில் கேட்காவிட்டால் அதுவே திசை. அன்றிலிருந்து எல்லா ஊரிலும் வெளியே தெரியும் கம்பிகளில் காது வைக்கச் சொல்கிறேன்.

ஒன்றும் கேட்கவில்லை என்பதற்காக உள்ளே யாரும் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. குழந்தை பதில் சொல்லாது, மயங்கியவர் சொல்லமாட்டார், காது கேளாத பாட்டிக்கு நம் குரலே எட்டாது. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்த விபத்தில், ஏறத்தாழ மூன்று நாள் கழித்தும் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். விசாரித்த கணக்கில் ஆள் குறைந்தால் தேடல் முடியவில்லை.

எங்கே உயிர் தங்கும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கான்கிரீட் கூரை முழுத் துண்டாக விழுந்தால் கட்டில், பீரோ, கிரைண்டர் எதன்மேலாவது சாய்ந்து நிற்கும்; அந்தச் சாய்வின் அடியில் முக்கோணமாக இடம் இருக்கும். மண் சுவரில் அந்த இடம் கிடையாது. பொடிப்பொடியாக விழுந்து மூடிவிடும், மூச்சுக்கு வழியிருக்காது. அதனால் தொகுப்பு வீடும் மண்சுவர் வீடும் ஒன்றாக விழுந்து கிடந்தால், மண்சுவர் வீட்டுக்கு முதலில் கை போக வேண்டும்.

தேடி முடித்த ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் சுண்ணாம்புக்கட்டியால் நேரம், எடுத்தவர் எத்தனை, இன்னும் தேட வேண்டியவர் எத்தனை என்று எழுதுங்கள். அரக்கோணத்துக்காரர்கள் வந்து இறங்கும்போது அந்த மூன்று எண்கள் அவர்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அவர்களோடு மோப்ப நாய் வரும் என்பதால் குவியலின்மேல் எச்சில் துப்புவது, சாப்பாட்டுப் பொட்டலம் போடுவது எல்லாம் கூடாது.

தோண்டுவதும் தூக்குவதும்

ஜேசிபியை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வழி ஒழுங்கு செய்ய, எடுத்துப் போட்ட கல்லை அப்புறப்படுத்த. ஆள் இருக்கும் பகுதியில் அதன் கை இறங்கவே கூடாது. ஊரில் செல்வாக்கானவர் யாராவது “வாரிப் போடுப்பா” என்று சத்தம் போடுவார். அவருக்குப் பதில் சொல்வது தலைவரின் வேலை.

வரிசையாக நின்று அன்னக்கூடையைக் கைமாற்றி மண் எடுக்கப் பழக்குங்கள். தோண்டுகிறவரைக் கால் மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பாளத்தைத் தூக்கும் பயிற்சிக்கு உடைந்த சிமென்ட் ஸ்லாப் ஒன்று போதும். ஜாக்கிக்கு அடியில் இரும்புத் தகடோ பலகையோ போடுங்கள், இல்லாவிட்டால் ஈர மண்ணில் ஜாக்கிதான் இறங்கும். ஜாக்கி ஓர் அங்குலம் தூக்கினால் உடனே ஓர் அங்குலத்துக்குக் கட்டை செருக வேண்டும். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டாக அடுக்குங்கள். அடி அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் பாளத்துக்கு அடியில் கை விடக்கூடாது.

சிக்கியவரின் முகம் தெரிந்தவுடன் ஒருவர் அவரோடு பேசத் தொடங்கிவிட வேண்டும், வெளியே வரும்வரை அதே ஆள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “இப்ப கல்ல எடுக்கறோம், சத்தம் வரும், பயப்படாதீங்க” என்று நடப்பதைச் சொல்லுங்கள். “அஞ்சு நிமிசத்துல எடுத்துருவோம்” என்று நேரம் சொல்லாதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கால் அல்லது தொடை பாரத்தில் நசுங்கியிருந்தால், பாரத்தை எடுத்தவுடன் நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயம் நின்றுவிடக்கூடும். பேசிக்கொண்டிருந்தவர் வெளியே எடுத்ததும் இறந்துபோவது இதனால்தான். 108 ஆள் வந்து சலைன் ஏற்றிய பிறகு பாரத்தை எடுங்கள். கட்டடம் சரிகிறது, தீ வருகிறது என்றால் மட்டும் விதிவிலக்கு.

தண்ணீர்

இரண்டாம் நாள் காலை குளத்தங்கரைக்குப் போங்கள். இடுப்பளவு ஆழத்தில், மிதவை போட்டவர்களை மட்டும் இறக்குங்கள். சொல்லித்தர வேண்டிய வரிசை: நீட்டு, வீசு, படகில் போ. நீந்திப் போவது பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும், அதுவும் கடைசியாக. கம்பு, மூங்கில், துண்டு, சேலை எது எட்டினாலும் அதை நீட்ட வேண்டும், கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு. நின்றபடி நீட்டினால் மூழ்குபவரின் பிடியில் நீங்களும் உள்ளே போவீர்கள்.

வீசும் கயிற்றின் நுனியில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கட்டுங்கள். அதில் கால்வாசிக்குத் தண்ணீர் இருந்தால் வீச வாகாகப் போகும், மிதக்கவும் செய்யும். தலைக்கு அப்பால் விழும்படி வீசி, கயிறு அவர் தோளில் கிடக்குமாறு செய்ய வேண்டும். கேன் தலையில் விழக்கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது, இடுப்பில் கட்டிக்கொள்வது இரண்டும் தடை. ஓடும் தண்ணீரில் இழுப்பு வந்தால் அவிழ்க்க முடியாது. வீசுகிறவர் உட்கார்ந்துகொள்ள, பின்னால் ஒருவர் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டத்துக்கு எதிராக இழுக்க வேண்டாம். கயிற்றை இறுக்கிப் பிடித்தாலே தண்ணீரே ஆளைக் கீழ்க்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பத்துக்கு ஏழு வீச்சு சரியாக விழும்வரை ஒவ்வொருவரும் வீச வேண்டும். இதில் பெண்களின் கை சீக்கிரம் பழகிவிடுகிறது.

மூழ்குகிறவர் கத்தமாட்டார் என்பதையும் சொல்லுங்கள். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கி, கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். சத்தமே இருக்காது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்களில் ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடி ஆளுக்கு மேலே தண்ணீர். வெள்ளம் வரும் நேரத்தில் கணுக்காலுக்குச் சற்று மேலே, அரை அடி ஓடும் தண்ணீரே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி தண்ணீர் காரைத் தள்ளிக்கொண்டு போகும். தரைப்பாலத்தில் வேகத்தைக் காட்ட ஒரு தேங்காய் மட்டையை எறிந்து பார்க்கச் சொல்லுங்கள். அதோடு கூட நடக்க முடியாவிட்டால் இறங்காதீர்கள்.

கிணறு

எனக்கு நெஞ்சை அடைக்கும் பாடம் இது. கிணறு தூர் வாரவோ, செப்டிக் டேங்க் பார்க்கவோ ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அண்ணன் இறங்குகிறார். பிறகு மாமன் இறங்குகிறார். ஒரே குடும்பத்தில் மூன்று பேர். நம் செய்தித்தாள்களில் இது வராத ஆண்டே இல்லை. இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறந்தவர்கள் காப்பாற்றப் போனவர்கள்.

உள்ளே இருப்பது என்ன என்று தெளிவாகச் சொல்லுங்கள். செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, அதனால் “நாத்தம் போயிருச்சு” என்று இறங்குவார்கள். பழைய கிணற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். கிணற்றுக்குள்ளேயே டீசல் இன்ஜினை இறக்கி நீர் இறைத்தால் கார்பன் மோனாக்சைடு, அதற்கு நாற்றமே கிடையாது. ஈரத்துண்டு கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்ப்பது பிராணவாயு மிகவும் குறைந்ததை மட்டுமே காட்டும். விஷவாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி ஆட்டிக் காற்றைக் கலக்குவார்கள். அதை நம்பியும் யாரும் இறங்கக்கூடாது.

ஒத்திகைக்கு அறுபது கிலோ மணல் மூட்டையைக் கிணற்றில் இறக்குங்கள். விழுந்தவரின் அண்ணனாக நடிக்க நல்ல உடல்வாகு உள்ள ஒருவர். அவர் வேலை, கத்திக்கொண்டு இறங்கப் போவது. இரண்டு பேர் தடுக்க வேண்டும். நான் சொல்லிவைத்தாலும் முதல் முறை தடுப்பவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். அண்ணனாக நடிப்பவர் “விடுங்கடா, எந்தம்பி உள்ள கெடக்கான்” என்று அடித்தொண்டையில் கத்தினால் சிரிப்பு நின்றுவிடும். தடுப்பவர் இரண்டு தோளையும் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, கிணற்றடியிலிருந்து அவரைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும்: “அண்ணே, வண்டி கெளம்பிருச்சு. ரோட்டுல நின்னு நீங்கதான் வழி காட்டணும். வாங்கண்ணே.” கையில் வேலை கொடுத்தால்தான் மனிதன் நிற்பான். சும்மா பிடித்து வைத்தால் உதறிக்கொண்டு இறங்குவான்.

101-க்குச் சொல்லும்போது “கிணற்றில் ஆள் விழுந்தார்” என்று மட்டும் சொல்லாமல், “உள்ளே விஷவாயு இருக்கலாம், மூச்சுக் கருவி வேண்டும்” என்று சொல்லப் பழக்குங்கள். அதுவரை சுருக்குப் போட்ட கயிற்றை இறக்கி, நினைவிருந்தால் அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளச் சொல்லிக் குரல் கொடுக்கலாம். ஊரில் காற்று ஊதும் பெரிய மின்விசிறி இருந்தால் நீண்ட தார்ப்பாய்க் குழல் வழியாக அடிவரை காற்றை அனுப்பலாம். இறங்குவது மூச்சுக் கருவி போட்டவர் மட்டும்.

முதலுதவி

இதைச் செவிலியரிடம் விட்டுவிடுங்கள். மூன்று விஷயம் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துவது. கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கும் என்று சந்தேகம் வந்தால் நான்கு பேர் ஒரே குரலுக்கு ஒன்றாகத் திருப்பிப் பலகையில் வைப்பது. மூச்சு நின்றால் மார்பின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது; முப்பது அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் ஊதுவது. தண்ணீரில் மூழ்கியவருக்கு ஊதுவதிலிருந்தே தொடங்க வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் ஊரைவிட்டே துரத்துங்கள். உயிர் பிழைக்க வேண்டிய நிமிடங்களை அவை தின்றுவிடுகின்றன.

இரவு ஒத்திகை

இரண்டாம் நாள் இருட்டிய பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறை நடத்துங்கள். குழுவுக்கு நேரத்தை முன்கூட்டியே சொல்லாதீர்கள். தெருவிளக்கை அணைத்துவிட்டு விசில் அடியுங்கள். ஆனால் இது ஒத்திகைதான் என்று ஊருக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாரடைப்பு வரும். நான்கு பொம்மைகளையும், குழாய்க்குள் துணையோடு ஓர் ஆளையும் வைத்துவிட்டு, “உறவினராக” நடிப்பவரிடம் மூன்று பேர் என்று தவறாகச் சொல்லச் சொல்லுங்கள். விசாரிக்கிறவர் இன்னொருவரிடமும் கேட்டு ஐந்து என்று கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். முடிந்ததும் உட்கார்ந்து, தலைவர் எப்போதாவது கையுறை போட்டாரா, நீள விசிலுக்கு யார் பேசினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். திட்ட வேண்டாம். அடுத்த முறை யார் என்ன செய்வார் என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

பயிற்சி முடிந்த பிறகு

பழகாத கை மறந்துவிடும். ஆடிப்பெருக்குக்குப் படித்துறைகளில் கூட்டம் கூடுவதற்கு முன், ஆனி மாதத்தில் ஒரு காலை கயிறு வீச்சு மட்டும் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு காலை கேட்கும் பயிற்சியும் கிணற்று ஒத்திகையும். அப்போதே ஊரை ஒரு சுற்று வந்து, சாய்ந்த சுற்றுச்சுவர், கம்பி தெரியும் கூரை, மூடியில்லாத ஆழ்துளைக் கிணறு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி ஊராட்சியில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமானை ஒரு மரப்பெட்டியில் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். கயிற்றை மாடு கட்டவும் பந்தல் போடவும் இரவல் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். வெயிலிலும் முடிச்சிலும் தேய்ந்த கயிறு பார்க்க நன்றாக இருக்கும், ஆள் தொங்கும்போது அறும். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று ஊராட்சி செயலரிடம். இன்னொன்று எந்த நேரமும் ஆள் இருக்கும் ஒரு வீட்டில். அந்த வீட்டுக்காரர் பெயரையும் தெருவையும் பெட்டியின்மேல் பெயிண்டால் பெரிதாக எழுதிவிடுங்கள்.